காசநோய் மாத்திரையும் உலோக வால்வும்: மும்பையில் ஒரு வால்வு உறைவு, அதன் கரைப்பு, பிறகு வந்த ரத்தக் கசிவு

இங்கே வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் வால்வு மாற்றியவர்களுக்கு நடக்கக்கூடியவற்றை ஒரே கோவையாக்கிய மாதிரி நிகழ்வு இது. மருந்தளவுகளும் அவற்றின் காரணங்களும் நடைமுறையில் உள்ளவை. இவை மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுக்கப்பட வேண்டியவை. வீட்டில் யாரும் அளவை மாற்றிக்கொள்வதற்கான வழிகாட்டி அல்ல.

நோயாளி

வயது 38, எடை 46 கிலோ. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் விடியற்காலை இட்லி அவித்து விற்கும் குடும்பம். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கி, ஆறு வருடங்களுக்கு முன் அதை எடுத்துவிட்டு, ஒற்றைத் தட்டு சாய்ந்து திறக்கும் உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். இடது மேலறை வீங்கியிருந்தது. இதயத் துடிப்பு சீரற்றது (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்). ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசெனோகூமரால் ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டு வந்தார். சீட்டில் அசிட்ரோம் என்று இருக்கும், வீட்டில் அதற்கு வால்வு மாத்திரை என்று பெயர். ரத்தம் உறைய இயல்பைவிட எத்தனை மடங்கு நேரமாகிறது என்று காட்டும் எண்ணான ஐ.என்.ஆர். இரண்டு வருடங்களாக 2.6-க்கும் 3.3-க்கும் இடையில் நின்றது. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் இலக்கு 2.5 முதல் 3.5 வரை. ஆக, மிக நன்றாகக் கட்டுப்பட்டிருந்த நோயாளி.

மாலை ஆறு மணி என்பதற்குக் காரணம் உண்டு. காலையில் ரத்தம் எடுத்தால் மதியத்துக்குள் முடிவு வந்துவிடும். அன்று மாலை மாத்திரையையே கூட்டவோ குறைக்கவோ முடியும். காலையில் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த மாற்றம் ஒரு நாள் தள்ளிப்போகும்.

கழுத்தில் நெறிகட்டி வந்து ஊசிப் பரிசோதனையில் காசநோய் என்று உறுதியானது. அரசுத் திட்டப்படி 35 முதல் 49 கிலோ எடைக்குத் தினமும் மூன்று கூட்டு மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து 150 மி.கி. இருப்பதால் நாளொன்றுக்கு 450 மி.கி. காசநோய் மையத்தில் "வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார்கள். "ஹார்ட்டுக்கு ஒண்ணு" என்று சொன்னார். அந்த ஒன்று எது என்று யாரும் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. இதய மருத்துவமனையில் அடுத்த பரிசோதனை ஆறு வாரம் தள்ளி.

வந்தபோது

காசநோய் மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம். நான்கு நாட்களாகப் படியேறினால் மூச்சிரைப்பு. முந்தைய இரவு படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி கழித்திருக்கிறார். கணவர் செவிலியரிடம் சொன்ன ஒரு வரிதான் நோயைக் காட்டிக்கொடுத்தது: "ராத்திரி பக்கத்துல படுத்தா டிக் டிக்னு கேக்கும் சிஸ்டர், ரெண்டு மூணு நாளா அந்தச் சத்தமே இல்ல."

நாடி 118, ரத்த அழுத்தம் 94/60, சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 88 சதவீதம், இரண்டு நுரையீரலிலும் நீர். வால்வு மூடும் உலோக ஒலி மங்கிப் போயிருந்தது. ஐ.என்.ஆர். 1.3. எக்கோவில் வால்வுக்குக் குறுக்கே சராசரி அழுத்த வேறுபாடு 19 மி.மீ. பாதரசம். நன்றாக வேலை செய்யும் மைட்ரல் உலோக வால்வில் இது 5-ஐ ஒட்டியே இருக்கும். எக்ஸ்ரே திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோது தட்டு பாதிகூடத் திறக்கவில்லை. உணவுக்குழாய் வழியான எக்கோவில் வால்வின் மேலறைப் பக்கம் 0.6 சதுர செ.மீ. அளவுக்கு மெத்தென்ற உறைவு. அளவு முக்கியம்: 0.8 சதுர செ.மீ.க்கு மேல் போனால் கரைக்கும்போது துண்டு பிய்ந்து மூளைக்குப் போகும் ஆபத்தும் மற்றச் சிக்கல்களும் தெளிவாகக் கூடுகின்றன.

முதலில் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கீரை சாப்பிட்டீர்களா?" என்பது. ஆம், சாப்பிட்டிருந்தார். காசநோய்க்குச் சத்து வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால் தினமும் முருங்கைக் கீரை. அதோடு விசாரணை நின்றிருந்தால் கீரையை நிறுத்தச் சொல்லி, பழைய அளவிலேயே மாத்திரை தொடர்ந்திருக்கும். கீரையிலுள்ள வைட்டமின் கே ஐ.என்.ஆரைக் கொஞ்சம் இறக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு வருடம் அசையாமல் நின்ற அளவு ஐந்தே வாரத்தில் 1.3-க்கு விழ அது மட்டும் போதாது. புது மாத்திரை எது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், கீரையை அதற்கப்புறம் கேட்கலாம்.

மாத்திரை ஏன் தோற்றது

ரத்தம் உறைவதற்கான புரதங்களில் 2, 7, 9, 10 ஆகிய காரணிகள் கல்லீரலில் உருவாகின்றன. உருவானபின் அவற்றின் ஒரு முனையில் கூடுதலாகக் கார்பாக்சில் தொகுதிகள் ஏற வேண்டும். அவை ஏறினால்தான் காரணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு தட்டணுக்களின் மேற்பரப்பில் ஒட்டி வேலை செய்யும். அந்த வேலைக்கு வைட்டமின் கே தேவை. ஒவ்வொரு முறையும் செலவாகும் வைட்டமின் கே-வை ஒரு நொதி திரும்பப் புதுப்பிக்கிறது. அசெனோகூமராலும் அதே வகை மாத்திரையான வார்ஃபரினும் தடுப்பது அந்தப் புதுப்பிப்பைத்தான். காரணிகள் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒட்டத் தெரியாதவையாக. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் நல்ல காரணிகளை இந்த மாத்திரை தொடுவதே இல்லை. அவை தாமாகத் தீர வேண்டும். 7-ஆம் காரணியின் அரை ஆயுள் சுமார் ஆறு மணி நேரம். 2-ஆம் காரணியான புரோத்ராம்பினுக்கு 60 முதல் 72 மணி நேரம். அதனால்தான் இரண்டாம் நாளே ஐ.என்.ஆர். ஏறிவிட்டாலும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அந்த ஏற்றம் 7-ஆம் காரணி தீர்ந்ததன் அடையாளம் மட்டுமே.

ரிஃபாம்பிசின் கல்லீரல் செல்லுக்குள் பல சிதைவு நொதிகளின் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. இந்த வகை மாத்திரைகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 2சி9 அவற்றில் ஒன்று. தூண்டல் சில நாட்களில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு பழைய அளவு மாத்திரை பாதியில் சிதைந்துவிடும். தேவை இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை ஏறலாம். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அளந்துதான் அறிய வேண்டும். ஃபெனிடாய்ன், கார்பமாசெபைன் போன்ற வலிப்பு மாத்திரைகளும் இதே திசையில் இழுக்கும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃபுளூகோனசோல் ஆகியவை சிதைவைத் தடுத்து ஐ.என்.ஆரை ஏற்றிவிடும்.

அப்படியானால் ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைக்கு மாற்றலாமே என்று உறவினர்கள் கேட்பார்கள். உலோக வால்வுக்கு அவை கூடாது. டாபிகாட்ரானை உலோக வால்வில் சோதித்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2013-இல் வெளியானது. வால்வு மாற்றாத ருமாட்டிக் நோயாளிகளில் ரிவராக்சபானைச் சோதித்த 2022 ஆய்விலும் பழைய வகை மாத்திரையே முந்தியது. போதாக்குறைக்கு ரிஃபாம்பிசின் இந்தப் புதிய மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் குறைத்துவிடும். ஆஸ்பிரினும் ஈடாகாது. அது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத்தான் தடுக்கும். மைட்ரல் வால்வைச் சுற்றி ரத்தம் மெதுவாகத் தேங்கி ஓடும் இடத்தில் பிடிக்கும் உறைவில் முக்கிய பங்கு உறைவைப் பின்னும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளுக்கே.

கரைப்பு

நரம்பில் ஏற்றும் உறைதடுப்பு மருந்தான ஹெபாரினோ, அசெனோகூமராலோ ஏற்கெனவே இருக்கும் உறைவைக் கரைக்காது. வளராமல் தடுக்கும், அவ்வளவே. கரைப்பது பிளாஸ்மின். அது ரத்தத்தில் பிளாஸ்மினோஜன் என்ற செயலற்ற வடிவில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்புவதுதான் கரைப்பு மருந்துகளின் வேலை. ஆல்ட்டெப்ளேஸ் ஃபைப்ரின் இழையோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்குள்ள பிளாஸ்மினோஜனை எழுப்பும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் அப்படிப் பார்த்து நடக்காது. பிளாஸ்மினோஜனோடு இணைந்து, ரத்தம் முழுவதும் பிளாஸ்மினை உண்டாக்கி, ஃபைப்ரின் உருவாகும் மூலப் புரதமான ஃபைப்ரினோஜனையும் சேர்த்தே தீர்த்துவிடும். ஆனால் விலை குறைவு, இருப்பில் கிடைக்கும், வால்வு உறைவில் நம் நாட்டில் நெடிய அனுபவம் உண்டு. தில்லி எய்ம்ஸில் 120 நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் ஏற்றும் வேகமான முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டது. வேகத்தால் கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை. இங்கே எடுத்துக்கொண்டது வழக்கமான முறை.

அறுவை சிகிச்சையும் யோசிக்கப்பட்டது. மூச்சிரைப்போடு வந்த இடப்பக்க வால்வு உறைவுக்கு அவசர அறுவையோ மெதுவான கரைப்போ இரண்டில் ஒன்று உடனே வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். உறைவு சிறியது, நாள் நான்கே ஆகியிருந்தது, மேலறையில் தனி உறைவு இல்லை, இந்த நிலையில் மறு அறுவை மிகவும் ஆபத்தானது: இவை கரைப்புப் பக்கம் தராசுத் தட்டை இறக்கின. நாள்பட்ட உறைவில் 13-ஆம் காரணி இழைகளைக் குறுக்கே பிணைத்து, நார்த்திசு ஏறிவிடும். அதையும், வால்வின் விளிம்பில் வளரும் சதையையும் எந்த மருந்தும் கரைக்காது.

தொடங்கும்முன் கேட்டவை: பக்கவாதம், தலையில் அடி, அண்மையில் அறுவை, குடலில் ரத்தக் கசிவு, முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றியது உண்டா. பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. முழங்கையில் இரண்டு பக்கமும் ஊசிக்குழாய், சிறுநீர்க் குழாய், ரத்தவகைப் பொருத்தம் எல்லாம் மருந்து தொடங்குவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். தொடங்கியபின் ஒவ்வொரு புதுக் குத்தும் ஒரு கசிவிடம். தசையில் ஊசி கூடவே கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியின் முறை அந்த வாரம்தான் வந்தது, அது தள்ளிவைக்கப்பட்டது.

தயாரிப்பு இப்படி. 7.5 லட்சம் யூனிட் குப்பியில் 5 மி.லி. சலைனைச் சுவர் ஓரமாக மெதுவாக விட்டு, குப்பியைச் சாய்த்து உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துத் திரிதிரியாகும். பிறகு மொத்தம் 75 மி.லி.யாக்கினால் ஒரு மி.லி.க்கு 10,000 யூனிட். முதல் அரை மணி நேரத்தில் 25 மி.லி. (2.5 லட்சம்), அதன்பின் மணிக்கு 10 மி.லி. (1 லட்சம்). கலந்ததை எட்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் 15 லட்சம் குப்பியைவிட இந்தக் குப்பியே வசதி. மணிக்கு 10 மி.லி. வீதத்தில் ஏழரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஹெபாரின் இந்த நேரம் முழுவதும் ஓடாது.

பதினான்காவது நிமிடத்தில் அழுத்தம் 78/50-க்கு இறங்கியது. ஸ்ட்ரெப்டோகைனேஸில் இது எதிர்பார்க்க வேண்டியதே. திடீரென எழும் பிளாஸ்மின், பிராடிகைனின் என்ற பொருளை விடுவித்து நாளங்களை விரியச் செய்கிறது. வேகம் கூடினால் வீழ்ச்சியும் கூடும். உடனே சலைனைத் திறந்துவிடுவது வழக்கமான அனிச்சை. நுரையீரலில் நீர் நிற்கும் இவருக்கு அது ஆபத்து. பம்ப்பை நிறுத்தி, காலை உயர்த்தி, 100 மி.லி. மட்டும் கொடுத்ததில் பத்து நிமிடத்தில் 92-க்கு ஏறியது. மீதிச் சுமையளவு (முதலில் வேகமாக ஏற்றும் 25 மி.லி.யின் மிச்சம்) பாதி வேகத்தில் முடிந்தது. படை, மூச்சுக்குழல் இறுக்கம், தொண்டை வீக்கம் வந்திருந்தால் அது ஒவ்வாமை. மருந்தையே கைவிட்டிருக்க வேண்டும். ருமாட்டிக் நோயாளிகளின் உடலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிர்ப்புரதம் ஏற்கெனவே இருக்கலாம். மருந்தும் அந்தக் கிருமிக் குடும்பத்திலிருந்து வந்ததே. இந்தக் கவனம் அதனால்தான்.

மணிக்கொரு முறை பேச்சு, கை கால் பலம், கண்மணி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். தலைவலியோ வாந்தியோ வந்தால் முதலில் பம்ப் நிற்க வேண்டும், பிறகு சி.டி. ஆறு மணி நேரத்துக்கொரு முறை எக்கோவில் அழுத்த வேறுபாடு: 19, 14, 9, கடைசியில் 22-ஆம் மணி நேரத்தில் 5. ஈறில் கசிவும் முழங்கையில் நீலத் திட்டும் தவிர வேறில்லை. 24 மணி நேரத்தில் சுமார் 26 லட்சம் யூனிட்டோடு நிறுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபோது தட்டு முழுதாகத் திறந்து மூடியது. டிஸ்சார்ஜ் சீட்டின் மேல்புறம் தேதியோடு சிவப்பில் எழுதியது: ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றப்பட்டது, மறுபடி ஏற்றக் கூடாது. எதிர்ப்புரதம் வருடக்கணக்கில் நிற்கும். அடுத்த முறை தேவைப்பட்டால் வேறு மருந்து.

ஹெபாரினும் புதிய அளவும்

ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் இன்னொரு பரிசோதனையான ஏ.பி.டி.டி. இயல்பின் இரு மடங்குக்குக் கீழே வந்ததும், சுமையளவு இல்லாமல் ஹெபாரின், கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். 46 கிலோவுக்கு ஏறக்குறைய 800 யூனிட். 25,000 யூனிட்டை 50 மி.லி. சிரிஞ்சில் நிரப்பினால் மணிக்கு 1.6 மி.லி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு மி.லி.க்கு 1,000 யூனிட் உள்ள 5 மி.லி. குப்பியும், 5,000 யூனிட் உள்ள 5 மி.லி. குப்பியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாறினால் ஐந்து மடங்கு பிழை. இரண்டு பேர் லேபிளை உரக்கப் படித்த பிறகே நிரப்ப வேண்டும்.

ஹெபாரின் தானாக எதையும் தடுப்பதில்லை. நம் ரத்தத்தில் உள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்து, அது த்ராம்பினையும் 10-ஆம் காரணியையும் முடக்கும் வேகத்தை ஏறக்குறைய ஆயிரம் மடங்காக்குகிறது. அதனால் விளைவு உடனே வரும், நிறுத்தினால் சில மணி நேரத்தில் போகும். நான்காம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டணு எண்ணிக்கை. பாதியாகக் குறைந்தால் ஹெபாரினே உறைவை உண்டாக்கும் அந்தத் தனிநோயைச் சந்தேகித்து உடனே நிறுத்த வேண்டும்.

ரிஃபாம்பிசினை நிறுத்தும் யோசனை எழுந்தது, கைவிடப்பட்டது. அது இல்லாவிட்டால் ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சை மிக நீண்டுவிடும். எனவே வால்வு மாத்திரையை ஏற்றினார்கள்: 4 மி.கி., 5, 6, வாரம் இரண்டு ஐ.என்.ஆர்., மூன்றாவது வாரத்தில் 8 மி.கி.யில் 2.9. இடையில் ஒரு நாள் 4.6 என்று முடிவு வந்தது. அளவை வெட்டும்முன் ஆய்வகத்தில் விசாரித்தால், நீல மூடிக் குழாய் பாதிதான் நிரம்பியிருந்தது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, அதைக் குழாயில் உறையாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்கு என்ற கணக்கு கெட்டால் எண் பொய்யாக ஏறும். மறுபடி எடுத்ததில் 2.8. அந்தக் குழாயை நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால் வால்வு மீண்டும் உறைந்திருக்கலாம்.

கீரையை விலக்கச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள், அதே அளவு, மாறாமல் சாப்பிடலாம் என்றே சொல்லப்பட்டது. அவர் தமிழ் படிப்பார். மராத்தி பேசுவார், படிக்கத் தெரியாது. மருத்துவமனை அட்டை ஆங்கிலத்தில். அதனால் வீட்டில் தொங்கும் தமிழ் தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் அன்றைய மி.கி.யை மகள் எழுதிவைத்தாள். சாப்பிட்ட பிறகே தாளைக் கிழிப்பது. கிழிபடாத தாள் இருந்தால் அன்று மாத்திரை விட்டுப்போயிற்று.

நிறுத்தியபோது வந்த ஆபத்து

காசநோய்ச் சிகிச்சை ஆறாம் மாதம் முடிந்தது. மையத்தில் "கோர்ஸ் முடிந்தது" என்றார்கள். இதய மருத்துவமனைக்குச் செய்தி போகவில்லை. காலண்டரில் 8 மி.கி. அப்படியே தொடர்ந்தது. தூண்டிவிட்ட நொதிகள் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு அடங்கிவிடும். அப்போது அதே 8 மி.கி. மூன்று மடங்கு மருந்தாகிவிடுகிறது. இந்தப் பாதி பலருக்கு நினைவுக்கே வராது. மருந்து சேர்க்கும்போது எச்சரிக்கையாக இருப்பவர்கள்கூட நிறுத்தும்போது அசந்துவிடுகிறார்கள்.

பதினாறாவது நாள் மூக்கில் ரத்தம் வந்து முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. தொடையில் உள்ளங்கையளவு நீலம். சிறுநீர் ஐந்து நாட்களாகச் சிவப்பு. அதை அவர் பொருட்படுத்தவில்லை. முதல் நாளே காசநோய் மையத்தில் "சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்கள். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்குவது உண்மை. ஆனால் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஓரிரு நாளில் அந்த நிறம் போய்விட வேண்டும். அதற்குப் பின் வருவது ரத்தம் என்றே கொள்ள வேண்டும். மாத்திரை ஓடும்போதே சந்தேகம் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையில் சிவப்பணு தெரிந்துவிடும்.

ஐ.என்.ஆர். 8.6. தலைவலி இல்லை, அழுத்தம் சரி, ஹீமோகுளோபின் 9.8. மூக்கில் பஞ்சு அடைத்ததும் நின்றது. மாத்திரை நிறுத்தம், வைட்டமின் கே 1 மி.கி. மட்டும், ஊசி மருந்தையே வாய்வழியாக. அவசரப் பிரிவில் பழக்கத்தால் 10 மி.கி. நரம்பில் ஏற்றிவிடுவது உண்டு. உயிருக்கு ஆபத்தான கசிவுக்கு அதுதான் சரி, கூடவே உறைதல் காரணிகளின் செறிவும் ஏற்ற வேண்டும். இவருக்கு அது ஐ.என்.ஆரை ஒன்றுக்கு இறக்கி, ஒரு வாரம் மாத்திரைக்கு மசியாமல் செய்து, வால்வை மறுபடி உறைவின் வாயில் தள்ளியிருக்கும். மறுநாள் 4.1, அதற்கடுத்த நாள் 3.1. அன்று மாலையே 4 மி.கி.யில் தொடங்கி, வாரம் இருமுறை ஐ.என்.ஆர். பார்த்து, நான்கு வாரத்தில் பழைய 2, 3 மாற்று அளவுக்கே வந்து நின்றது.

மூன்று மாதம் கழித்து ஐ.என்.ஆர். 3.0, வால்வு அழுத்த வேறுபாடு 5, ஒலி தெளிவு. பென்சிலின் 12 லட்சம் யூனிட் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்கிறது. அது ஆழமான தசை ஊசி என்பதால் அந்த வார ஐ.என்.ஆர். 3.5-க்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுகிறார்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கிறார்கள். மருத்துவமனை அட்டையின் பின்பக்கத்தில் இப்போது தமிழில் இரண்டு வரிகள் உள்ளன: எந்தப் புது மாத்திரை தொடங்கினாலும் ஐந்தாம் நாள் ரத்தம் எடுக்கவும், அதை நிறுத்தினாலும் ஐந்தாம் நாள் எடுக்கவும், பிறகு நான்கு வாரம் வாரம் ஒருமுறை.